கட்டிலின் நாலாவது கால்

மத்திய சிறை, மதுரை
6.1.2025

கஸ்தூரிக்கு அண்ணன் கோட்டைச்சாமி எழுதுவது.

நான் நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். பதினோரு மாதமாக உள்ளே கிடக்கிறவனுக்கு என்ன நலம்? பழைய அடிதடி வழக்கைக் காட்டி ஜாமீன் தர மாட்டேன் என்கிறார்கள். அம்மா வந்து பார்த்தாள். உன் வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் கடையை அடைத்துவிட்டு இரண்டு தடவை மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தார். கூடப் பிறந்தவள் மட்டும் வரவில்லை. உனக்காகத்தான் நான் இங்கே இருக்கிறேன் என்பது உனக்கு நினைவிருக்கிறதா இல்லையா?

போன வாரம் என் கூட்டாளி பால்பாண்டி வந்தான். நீ ஊரில் அம்மாவோடுதான் இருக்கிறாயாம். நம் பாதையை அளக்கப் பஞ்சாயத்து ஆட்கள் வந்தபோது நீயே முன்னால் நின்று டேப்பைப் பிடித்தாயாம். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பாதையில் பாதி என் பட்டா, பாதி வெள்ளத்துரை பட்டா. என் பாதியை ரோட்டுக்கு எழுதிக் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும்? வெள்ளத்துரை வாசலில் நிற்கும். சித்தப்பா சித்தப்பா என்று நாம் வாய் நிறையக் கூப்பிட்ட மனிதர், பாதை முழுக்கத் தனக்கே என்று காட்ட அதற்குக் குறுக்கே விறகை அடுக்கி மண் பூசிக் கரிமூட்டம் போட்டார். நீ வலியில் துடிக்கும்போது வந்த ஆம்புலன்ஸ் அந்த மூட்டத்துக்கு அப்பால்தான் நின்றது. என் மருமகள் ஒரு தடவைகூட அழாமலே போனாள். அவளைப் புதைத்தபோது நான் ஸ்டேஷனில் இருந்தேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் பதினேழாம் தேதி கோர்ட்டில் உன் சாட்சி. வக்கீல் சொன்னதை நினைவில் வை. வெள்ளத்துரை நம்மை வைதுகொண்டே தானாக மூட்டத்தில் ஏறினார், மண் சரிந்தது, தீக்குள் விழுந்தார். அவ்வளவுதான் நடந்தது. நீ பார்த்தாய்.

இங்கே கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதனால் இதற்கு மேல் எழுதவில்லை.

உன் அண்ணன்,
கோட்டைச்சாமி


செங்கரட்டுப்பட்டி, பரளச்சி வழி
15.1.2025

அண்ணனுக்கு,

டேப்பைப் பிடித்தது உண்மைதான். இன்னொரு முனையை உன் பால்பாண்டியைப் பிடிக்கச் சொன்னேன். அவன் மீசையைத் தடவிக்கொண்டு போய்விட்டான். அதை உன்னிடம் சொன்னானா?

பொங்கலுக்கு அம்மா அடுப்புப் பற்ற வைக்கவில்லை. "எம் புள்ள உள்ள கெடக்கையில எனக்கு என்னத்தா பொங்கலு" என்று முந்தானையை மூடிக்கொண்டு படுத்துவிட்டாள். நான் வைத்தேன். பொங்கியது. நான் ஒருத்தியே தின்றேன்.

உனக்காக உனக்காக என்று எழுதியிருக்கிறாய். நான் குடியிருந்தது எங்கே என்று நினைத்துப் பார். அருப்புக்கோட்டையில், ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில். மாடியில் நின்றால் நர்சுகள் டீ குடிப்பது தெரியும். அங்கிருந்து வளையலைப் போட்டு, கட்டுச்சோறு கட்டி, பஸ் வராத இந்த ஊருக்கு என்னைக் கூட்டிவந்தது நீதான். "தலப்பிரசவம் தாய் வீட்லதான். எந் தங்கச்சிக்கு அதுகூடச் செய்யலன்னா நான் என்ன ஆம்பள" என்று என் மாமனாரிடம் சண்டை பிடித்தாய். நானும் பெருமையாகத்தான் வந்தேன். அதை இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளத்துரை தன் பாதியைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரு காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இன்னொரு கால் மரக்கட்டையாய் மரத்துக் கிடக்கிறது. நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இன்றைக்கும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீ ஒருவன் போட்டால் ரோடு வரும். ரோடு வரும்வரைக்கும் பாதை பாதையாக இருந்தால் போதும் என்கிறார் ஊருக்கு வருகிற நர்சம்மா. செடியையும் முள்ளையும் வெட்டிவிட்டேன். ஆம்புலன்ஸ் வண்டி வரும்.

பிருந்தாவுக்கு மாசம் எட்டாகிவிட்டது. விருதுநகரிலிருந்து இந்த வாரம் அழைத்துவருகிறார்கள். அவளுக்கும் தலைப்பிரசவம். வேண்டாம், டவுனிலேயே இரு என்று போன் பண்ணிச் சொன்னேன். அவள் மாமியார் போனை வாங்கி, "ஊரு மொறைய மாத்தச் சொல்றதுக்கு நீ யாரு" என்றாள். வெள்ளத்துரை மகள் என்று பார்க்காதே. சித்தப்பா மகள், உனக்கும் தங்கச்சிதான். சின்ன வயதில் உன் தோளில் ஏறித் திருச்சுழித் தேர் பார்த்தவள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

கஸ்தூரி


மத்திய சிறை, மதுரை
22.1.2025

கஸ்தூரி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். பக்கத்தில் படுத்திருக்கிறவன், "என்ன மாப்ள, வீட்ல யாரும் தவறிட்டாங்களா" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

பிருந்தா வருகிறாளா? நல்லது, வரட்டும். அவள் அப்பனுக்குத் தெரியட்டும். மகள் வலியில் கத்தும்போது வாசலில் உட்கார்ந்து கேட்கிறது எப்படி இருக்கும் என்று அந்த ஆள் ஒரு தடவை கேட்கட்டும். அதற்குப் பிறகு ரோடு, கையெழுத்து எல்லாம் பேசலாம்.

என் பட்டாவில் நான் எதை வேண்டுமானாலும் செய்வேன். விறகு அடுக்குவேன், முள் போடுவேன். பால்பாண்டியிடம் சொல்லிவிட்டிருக்கிறேன். நீ அதில் தலையிடாதே. பொம்பளைப் பிள்ளை, அருப்புக்கோட்டைக்குப் போய் உன் வீட்டுக்காரருக்குச் சோறாக்கு.

உனக்கு ரோஷம் இல்லாமல் போனது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை. வயிற்றில் பத்து மாதம் சுமந்தது நீ. அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் வாங்கிப் பரணில் வைத்திருக்கிறேன். போய் அதைப் பார். பார்த்துவிட்டு எழுது.

கோட்டைச்சாமி


செங்கரட்டுப்பட்டி
2.2.2025

அண்ணே,

பார்த்தேன். எலி கயிற்றைக் கடித்திருக்கிறது. வேறொன்றும் இல்லை.

நேற்றுப் பால்பாண்டி ஆட்களைக் கூட்டிவந்து பாதைக்குக் குறுக்கே கருவை விறகை அடுக்கினான். அதே இடம். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் வேலிக்கருவைக் காடு, நடுவில் மூட்டம். வைக்கோல் பரப்பி மண் பூசிவிட்டார்கள். மண் காய்ந்ததும் தீ வைப்பார்கள். வைத்துவிட்டால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், பல நாளைக்கு ஒருவரும் பிரிக்க முடியாது. போலீசுக்குப் போன் செய்தேன். சொந்தப் பட்டாவில் மூட்டம் போடுவதற்கு நாங்கள் என்னம்மா செய்வது என்கிறார்கள்.

உன்னிடம் சொல்லவே கூடாது என்று ஒரு வருடமாக வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன். இதற்குப் பயந்துதான் உன்னைப் பார்க்க வரவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் உன் முகத்தைப் பார்த்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். சிறை அதிகாரி படித்தால் படிக்கட்டும்.

அன்றைக்கு என்னைக் கயிற்றுக்கட்டிலில் வைத்து நாலு பேர் தூக்கினீர்கள். முன்னால் முனீஸ்வரனும் அவன் தம்பியும். பின்னால் பால்பாண்டியும் நீயும். என் தலைமாட்டில் இடது பக்கக் கட்டில் கால் உன் கையில் இருந்தது. மூட்டத்தைச் சுற்றி ஓடைக்குள் இறங்கினீர்கள். ஏறினால் ஆம்புலன்ஸ். அதன் கதவு திறந்திருந்தது எனக்குத் தெரிந்தது. உள்ளே இருந்த பச்சை விரிப்புகூடத் தெரிந்தது. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்துக்கொண்டிருந்தாள். அண்ணே, உதைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கரையில் நின்ற வெள்ளத்துரை, "ஏலே, மூட்டத்துல எவன் காலாச்சும் பட்டுச்சு, வகுந்துருவேன்" என்றார். வாய்ச்சவடால் என்று ஊருக்கே தெரியும். அவர் கையில் மண்வெட்டி மட்டும்தான் இருந்தது. நீ கட்டில் காலை விட்டாய்.

கட்டில் சாய்ந்தது. நான் உருண்டு ஓடைக்கல்லில் வயிறு மோத விழுந்தேன். மூன்று பேரால் கட்டிலைத் தூக்க முடியாது. அந்த மூன்று பேரும் தூக்கவும் நினைக்கவில்லை. பால்பாண்டி அரிவாளை எடுத்து உன்னிடம் எறிந்தான். மற்ற இருவரும் வேடிக்கை பார்க்க ஓடினார்கள். நீ அவர் தோளில் வெட்டியதைப் பார்த்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டதைப் பார்த்தேன். கும்பிட்ட மனிதரை நெஞ்சில் உதைத்து மூட்டத்து மேலே தள்ளினாய். மண் உடைந்து தொடை வரைக்கும் உள்ளே போனார். அந்த வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அவர் வெளியே வரக் கையை ஊன்றினார். நீ கையை மிதித்தாய்.

அத்தனை நேரமும் நான் கல்லில் கிடந்தேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் அரிவாளுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். எல்லாம் அடங்கி, நீ ஓடிய பிறகுதான் இறங்கி வந்தார்கள். அதற்குள் வயிறு அசையாமல் போய்விட்டது.

மூட்டம் போட்டது வெள்ளத்துரை. அதற்கு அவர் அனுபவிக்கட்டும். ஆனால் மூட்டத்தைத் தாண்டி வந்துவிட்டோம் அண்ணே. தாண்டிய பிறகு என் பிள்ளையைக் கொன்றது யார் என்று நீயே சொல்.

மூட்டத்துக்குத் தீ வைக்காதே என்று பால்பாண்டிக்குச் சொல்லி அனுப்பு. இல்லாவிட்டால் பதினேழாம் தேதி நான் கூண்டில் ஏறி, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன்.

கஸ்தூரி


மத்திய சிறை, மதுரை
9.2.2025

பொய்.

பிள்ளை உள்ளேயே போய்விட்டது என்று டாக்டரே சொன்னதாக அம்மா சொன்னாள். எப்போது போனது என்று உனக்கு என்ன தெரியும்? வலியில் அரை மயக்கத்தில் கிடந்தவள் நீ. வெள்ளத்துரை வீட்டில் உனக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கூடப் பிறந்தவனுக்கு எதிராகக் கூண்டில் ஏறுவாயா? ஏறு. பத்து வருடம் போடட்டும். பத்து வருடம் கழித்து வெளியே வருவேன், அப்போதும் எனக்கு இரண்டு கையும் இருக்கும். அண்ணன் ஒருத்தன் இருந்தான் என்பதை மறந்துவிடு. நானும் எனக்குத் தங்கச்சி இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.

தீ வைக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தை முடித்துவிட்டு மடித்தேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன். பால்பாண்டி என் பக்கத்துக் கட்டில் காலையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவனிடம் "பிடிலே" என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். சொன்னேனா? நீ பக்கத்தில்தானே இருந்தாய். சொன்னது உன் காதில் விழுந்ததா?

கோட்டைச்சாமி


அருப்புக்கோட்டை
24.2.2025

அண்ணே,

நான் சொல்லச் சொல்ல இதை உன் மாப்பிள்ளை எழுதுகிறார். என் வலது கையில் தையல் போட்டிருக்கிறது. முதலில் உன் கேள்விக்குப் பதில். நீ எதுவும் சொல்லவில்லை. கையை விரித்தாய், அவ்வளவுதான்.

தீ வைத்துவிட்டார்கள். தடுக்க நான் மூட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். பால்பாண்டி என் மேலேயே மண்ணை அள்ளிப் போட்டான்.

போன வெள்ளிக்கிழமை காலை, ஊர்ச் சனம் பருத்தி எடுக்கப் போன நேரத்தில் பிருந்தாவுக்கு வலி வந்தது. தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது. நர்சம்மாவுக்குச் சொன்னோம். வண்டி வந்தது. அதே மாதிரி மூட்டத்துக்கு அப்பால் நின்று ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வயிற்றில் இல்லாத பிள்ளை உதைத்தது.

வெள்ளத்துரை தரையில் தவழ்ந்து வந்து வாசலில் நின்ற நாலைந்து பேரின் கால்களையெல்லாம் பிடித்தார். "யாராச்சும் தூக்குங்கய்யா, எம் மகளத் தூக்குங்கய்யா." உனக்குப் பயந்து ஒருத்தனும் முன்னுக்கு வரவில்லை. நீ ஜெயிலில் இருக்கிறாய், இருந்தாலும் பயம். கடைசியில் முனீஸ்வரன் வந்தான். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலில் கை வைத்தான். மூன்றாவது காலைப் பிருந்தா அம்மா பிடித்தாள். நாலாவது காலுக்கு ஆள் இல்லை.

நான் பிடித்தேன். தலைமாட்டில், இடது பக்கம்.

ஓடையில் இறங்கும்போது பால்பாண்டி எதிரே வந்து நின்றான். கையில் அரிவாள் இருந்தது. "கட்டிலக் கீழ போடு கஸ்தூரி. இது அண்ணன் உத்தரவு. இந்த வழியா அந்த வீட்டுக் கட்டில் போகாது." நான் நட என்றேன். முனீஸ்வரனும் அவன் தம்பியும் நடந்தார்கள். பால்பாண்டி அவர்களை விட்டுவிட்டான். பக்கவாட்டில் வந்து என் கையில் வெட்டினான். முழங்கைக்குக் கீழே. வெட்டினது முதலில் தெரியவில்லை. கட்டில் கால் வழுக்கியது, அப்போதுதான் ரத்தம் என்று தெரிந்தது. மறுபடி ஓங்கினான். "போடுங்கேன்ல" என்று கத்தினான். பிருந்தா கட்டிலில் படுத்தபடியே என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா விட்றாத, அக்கா விட்றாத" என்றாள். இடது கையையும் கொடுத்து, கட்டில் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இரண்டாவது வெட்டு தோளில் விழுந்தது. எலும்பு தெரிந்தது என்று பிறகு சொன்னார்கள்.

நான் விடவில்லை அண்ணே. நீ படிக்க வேண்டும் என்றுதான் இதைச் சொல்லி எழுத வைக்கிறேன். மேட்டில் ஏறி, வண்டிக்குள் அவளை ஏற்றும் வரைக்கும் நான் விடவில்லை. இந்தத் தடவை வண்டிக்காரர்கள் கதவைச் சாத்தவில்லை. டிரைவர் ஸ்டிரெச்சர் கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பால்பாண்டி பின்வாங்கும்போது மூட்டத்தில் கால் வைத்துவிட்டான். ஒரு கால்தான், கணுக்கால் வரைக்கும். அவன் அலறியது வண்டி மெயின் ரோடு ஏறும் வரைக்கும் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதச் சொல்கிறேன். உன் ரத்தம்தானே எனக்கும்.

ரெட்டியபட்டி தாண்டும்போது பிள்ளை பிறந்தது. பெண். நீலமாக இருந்தாள். வண்டியில் இருந்த பையன் அவள் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் அழுதாள். அவள் அழுததும் நானும் பிருந்தாவும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். எனக்கு என் பிள்ளையின் சத்தத்தை யாரோ திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. உடனே அது என் பிள்ளை இல்லை என்றும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

விரல் மூன்று மடங்கவில்லை. மடங்கும் என்கிறார்கள். மடங்காது என்று எனக்குத் தெரியும்.

பதினேழாம் தேதி நான் கோர்ட்டுக்கு வருவேன்.

கஸ்தூரி


மத்திய சிறை, மதுரை
5.3.2025

தாயி கஸ்தூரிக்கு,

உன் கடிதம் வந்தது. மாப்பிள்ளை எழுத்து என்றாலும் உன் குரல்தான் கேட்டது. எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது.

முதல் தடவை படித்து முடித்ததும் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் எழுதுகிறேன். பால்பாண்டி தலையை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. உன் கை, உன் பிள்ளை, பிருந்தா பிள்ளை எதுவும் நினைவுக்கு வரவில்லை. அவன் கழுத்து மட்டும்தான் வந்தது. நான் இப்படித்தான் ஆகியிருக்கிறேன்.

நேற்று அவனை இங்கேயே கொண்டுவந்தார்கள். காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்தான். மதியச் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தான். தட்டை ஓங்கிவிட்டேன். விளிம்பால் ஒரு அடி, தொண்டையில் இறக்கினால் போதும். வார்டர் திரும்பி நின்றிருந்தார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பயந்து சிரிக்கவில்லை, பாசமாகத்தான் சிரித்தான். "அண்ணே, நீங்க சொன்னதத்தான செஞ்சேன்" என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை.

ரோட்டுக்குக் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். மூட்டத்தைப் பிரிக்கச் சொல்லி முனீஸ்வரனுக்குச் சொல்லியிருக்கிறேன். பதினேழாம் தேதி நீ பார்த்ததைச் சொல். கட்டில் காலை நான் விட்டதையும் சொல். வக்கீல் குறுக்கே பேசினால் கேட்காதே. நான் கையை மிதித்ததையும் சொல்.

நேற்று அந்தத் தட்டு என் கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியாது. பக்கத்தில் ஜன்னல் கம்பி இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பால்பாண்டி சோறு வாங்கி, தின்று, தட்டைக் கழுவிவிட்டுப் போனான். வார்டர் வந்து, "என்னடா, விடு கம்பிய" என்று லத்தியால் விரலில் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு ஓங்கி அடித்தார்.

நான் விடவில்லை.

கோட்டைச்சாமி